கைப்படக் கற்கும் விஞ்ஞானமும் பொறியியலும்: வன்னி ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

தரம் 10இல் திரவ அமுக்கம் கற்பித்த எனது முதலாவது ஆண்டில், பக்கவாட்டில் மூன்று துளைகள் இட்ட தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மேசையில் நிறுத்தி, கீழ்த்துளையிலிருந்து பாயும் நீரே மிகத் தூரத்தில் விழும் என்று கரும்பலகையில் முன்கூட்டியே படம் வரைந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் துளைகளை மூடியிருந்த ஒட்டுநாடாவை உரித்தார்கள். அடிமட்டத்தால் அளந்த ஒரு மாணவி எழுந்து நின்று, "ரீச்சர், நடு ஓட்டைத் தண்ணிதான் கூடத் தூரம் போகுது" என்றாள். அளவு பிழைத்திருக்கும், படத்தில் உள்ளபடி எழுது என்று சொன்னேன். அவள் பென்சிலால் எழுதிய எண்களை அழித்துவிட்டு, நான் வரைந்ததைப் பார்த்து எழுதினாள். அன்றிரவு நான் கணக்கிட்டுப் பார்த்தபோது அவள் அளந்தது முற்றிலும் சரியாக இருந்தது.

கைப்படக் கற்பித்தல் பற்றி நான் எழுதும் இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் போத்தலிலிருந்தே தொடங்குகிறது. வன்னியில் பணியாற்றும் எம்மில் பலர், ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை, ஆகவே செய்முறை இல்லை என்று எண்ணிவிடுகிறோம். உபகரணக் குறைபாடு உண்மையானதுதான். ஆனால் அன்று எனது வகுப்பில் குறைவாக இருந்தது உபகரணமன்று. பிள்ளை தன் கையால் கண்டதை நிற்கவிடும் துணிவே குறைவாக இருந்தது. அந்தத் துணிவை ஒரு பாடத்துக்குள் எவ்வாறு படிப்படியாகக் கட்டுவது என்பதைக் கீழே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தரம் 6 முதல் 11 வரையான விஞ்ஞானத்துக்கு உரியவை; பொறியியல் தொழினுட்பம் கற்பிப்போரும் அவற்றைச் சிறிய மாற்றங்களோடு பயன்படுத்தலாம்.

முதலாம் படி: கேள்வியை ஊரிலிருந்து எடுங்கள்

உபகரணப் பட்டியலைப் பார்த்துப் பாடத்தைத் திட்டமிட்டால் பட்டியல் முடியும் இடத்தில் பாடமும் முடிந்துவிடும். அதற்கு மாறாக, பிள்ளைகளின் வீட்டையும் வயலையும் பார்த்துத் திட்டமிடுங்கள். குளம், துருசு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு), வாய்க்கால், கிணறு, வரம்பு, பனை, உப்பளம், கடல், காற்று ஆகிய இவை எல்லாம் எமது பிள்ளைகளுக்குப் பழகியவை. பழகியவற்றில் இதுவரை கேளாத ஒரு கேள்வியைக் கேட்பதே ஆசிரியரின் வேலை.

முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளிடம், புதிய கோழிமுட்டை கடல்நீரில் மிதக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் மிதக்கும் என்பார்கள், ஏனெனில் உப்புநீரில் முட்டை மிதப்பதைப் பாடநூலில் கண்டிருக்கிறார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு. அந்த நீரின் அடர்த்தி புதிய முட்டையின் அடர்த்தியிலும் குறைவு. ஆகவே முட்டை தாழ்ந்துவிடும். ஆனையிறவு உப்பளத்துப் பாத்தியில் வெயில் காய்ந்து செறிவான நீரிலோ அதே முட்டை மிதக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் எந்தச் செறிவில் முட்டை எழும்புகிறது என்பதை, நீருக்கு உப்பை 10 கிராம் 10 கிராமாகச் சேர்த்து அவர்களே கண்டறியட்டும். தேவைப்படுவது ஒரு முட்டை, ஒரு போத்தல், கடையில் நிறுத்து வாங்கிய உப்பு மாத்திரமே.

கிணற்று நீரை வைத்து இன்னும் நல்ல கேள்வி ஒன்றை எழுப்பலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்று நீரைச் சிறிய போத்தலில் கொண்டுவரச் செய்யுங்கள். சவுக்காரத்தைச் சீவி, மழைநீரில் கரைத்து, அந்தக் கரைசலைத் துளித்துளியாக இட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிலைத்து நிற்க எத்தனை துளிகள் வேண்டியிருந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். பின்னர் அதே நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மீண்டும் எண்ணட்டும். கொதித்த பின் துளிகள் குறைந்தால் அங்கு இருந்தது தற்காலிக வன்மை (வன்மை என்பது சவுக்காரம் எளிதில் நுரைக்கவிடாத தன்மை). குறையாவிட்டால் நிலையான வன்மை. எந்தக் கிணறு எப்படியிருக்கும் என்பது ஆசிரியருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனாலேயே இந்தச் செயற்பாட்டை நான் மிக விரும்புகிறேன். ஆசிரியருக்கு விடை தெரியாது என்பதைப் பிள்ளைகள் உணரும் கணத்தில் அவர்கள் எண்ணும் கவனமே மாறிவிடுகிறது. கிராமத்தின் படத்தை வரைந்து ஒவ்வொரு கிணற்றின் அருகிலும் துளிகளின் எண்ணிக்கையைக் குறித்தால், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு வரைபடம் வகுப்புச் சுவரில் தொங்கும்.

இரண்டாம் படி: முதல்நாள் நீங்களே இருமுறை செய்யுங்கள்

ஒருமுறை செய்தால் அது வேலை செய்கிறதா என்பது தெரியும். இருமுறை செய்தால்தான் எங்கே தவறும் என்பது தெரியும். செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு தேசிக்காய்ச் சாற்றில் சிவப்பாகவும் சுண்ணாம்பு நீரில் பச்சையாகவும் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் முதல்நாளே எடுத்து வைத்த சாறு எமது வெயிலில் கெட்டு நிறம் மங்கிவிடும் என்பது செய்து பார்த்தவருக்கே தெரியும். பூவை அன்று காலையில் பறிக்க வேண்டும் என்ற சிறிய குறிப்புத்தான் பாடத்தைக் காப்பாற்றும். செய்து பார்க்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு அதை இரட்டிப்பாக்குங்கள். பிள்ளைகளுக்கு வேண்டிய நேரம் ஏறத்தாழ அவ்வளவே.

மூன்றாம் படி: தொடுவதற்கு முன் எதிர்வுகூறல்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக அழுத்தம் தருவேன். எந்தச் செயற்பாட்டையும் தொடங்குமுன், என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் குறிப்பேட்டில் பேனாவால் விடை எழுத வேண்டும். பென்சில் வேண்டாம், அழிக்க முடியாது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொல்லவிட்டால், வகுப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் சொல்லும் விடையையே எல்லோரும் சொல்வார்கள். எழுதிய பின் கைகளை உயர்த்தச் சொல்லி, எந்த விடைக்கு எத்தனை பேர் என்று கரும்பலகையில் எண்ணிக்கையை மாத்திரம் எழுதுங்கள். எது சரி என்று முகத்தாலும் காட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் எமது முகத்தை வாசிப்பதில் மிகவும் தேர்ந்தவர்கள்.

இப்போது அந்த மூன்று துளைப் போத்தலுக்குத் திரும்புவோம். ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் அடியிலிருந்து 6, 12, 18 சென்ரிமீற்றர் உயரங்களில், சூடாக்கிய ஆணியால் ஒரே அளவான மூன்று துளைகளை இடுங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் நீர் சிதறும். அதைக் கூரிய கத்தியால் நீங்களே அகற்றிவிடுங்கள். ஒட்டுநாடாவால் மூன்றையும் மூடி, 24 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். மூடியைக் கழற்றியே வைக்க வேண்டும்; மூடியை இறுக்கினால் பாய்ச்சல் குழம்பிவிடும், அதுவே வளிமண்டல அமுக்கத்துக்கு வேறொரு பாடம். நாடாவை உரித்த உடனேயே நீர் விழும் இடத்தைக் குறிக்க வேண்டும், ஏனெனில் நீர்மட்டம் இறங்க இறங்கத் தூரமும் குறையும். ஒருவர் மேலிருந்து நீர் ஊற்றி மட்டத்தை ஒரே அளவில் பேணினால் இன்னும் நல்லது.

போத்தல் மேசையிலேயே நின்றால் நடுத்துளையின் நீர் மிகத் தூரம் போகும். மேல்துளையினதும் கீழ்த்துளையினதும் நீர் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும். காரணம் இதுதான். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியரான டொரிசெல்லி கண்டறிந்தபடி, துளைக்கு மேலே நீர் எவ்வளவு ஆழமோ அதற்கேற்ப நீர் வெளியேறும் வேகம் கூடும். கீழ்த்துளையில் வேகம் அதிகம். ஆனால் அந்த நீர் மேசையைத் தொடுவதற்கு முன் விழுவதற்கு இருப்பது 6 சென்ரிமீற்றர் மாத்திரமே, ஆகவே பறப்பதற்கு நேரம் போதாது. மேல்துளையின் நீருக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. நடுத்துளைக்கு இரண்டும் அளவாக வாய்க்கின்றன. துளைக்கு மேலுள்ள நீரின் ஆழத்தையும் துளையிலிருந்து விழும் தளம் வரையான உயரத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் வரும். அதன்படி நடுத்துளைக்கு 24 சென்ரிமீற்றரும் மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றரும் கிடைக்கின்றன. துளையின் ஓரத்தில் ஏற்படும் இழப்பினால் நீங்கள் அளப்பது இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து அதே போத்தலை 60 சென்ரிமீற்றர் உயரமான வாங்கின் விளிம்பில் வைத்து, நீர் நிலத்தில் விழும்படி செய்யுங்கள். இப்போது கீழ்த்துளையே வெல்லும்: கீழ்த்துளைக்கு ஏறத்தாழ 69, நடுத்துளைக்கு 59, மேல்துளைக்கு 43 சென்ரிமீற்றர். மேசையில் நடுத்துளை வென்றதையும் வாங்கில் கீழ்த்துளை வென்றதையும் ஒரே பாடவேளையில் கண்ட பிள்ளை, "ஆழம் கூட அமுக்கம் கூடும்" என்ற வாக்கியத்தை இனி மனனம் செய்ய வேண்டியதில்லை. நான் கற்பித்த முதலாவது ஆண்டில் அழிக்கச் செய்த எண்கள் இத்தனை பெரிய பாடத்தைத் தமக்குள் வைத்திருந்தன.

நான்காம் படி: குழுவும் கைகளும்

ஒரு குழுவுக்கு மூவர், இயலாவிட்டால் நால்வர். ஐந்தாவது பிள்ளை எப்போதும் பார்வையாளராகவே நின்றுவிடுகிறது. அளப்பவர், கருவியைக் கையாள்பவர், எழுதுபவர் என்ற பொறுப்புகள் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். மாற்றாவிட்டால் ஆண்பிள்ளைகள் கருவியைப் பிடிப்பதும் பெண்பிள்ளைகள் அழகான கையெழுத்தில் எழுதுவதுமாக அந்த ஆண்டு முழுவதும் கழிந்துவிடும். சுத்தியலும் குறடும் எல்லாக் கைகளுக்கும் போக வேண்டும். யார் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதைக் கதவில் ஒரு தாளில் குறித்துவருவதே நான் கண்ட எளிய வழி.

ஐந்தாம் படி: அளத்தலும், அளக்கும் கருவியைச் செய்தலும்

கைப்படக் கற்பது என்றால் நிறம் மாறுவதையும் நுரை பொங்குவதையும் பார்த்து மகிழ்வதோடு முடிவதன்று. அளவு இல்லாவிட்டால் விவாதிக்க எதுவும் மிஞ்சாது. ஒவ்வோர் அளவீட்டையும் மும்முறை எடுத்து, மூன்றையும் எழுதி, அதன் பின்பே சராசரியைக் காணப் பழக்குங்கள். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால், பிள்ளை ஒருமுறை அளந்து மூன்றுமுறை எழுதியிருக்கக்கூடும். அன்போடு விசாரியுங்கள், தண்டிக்க வேண்டாம்.

அளக்கும் கருவியைப் பிள்ளைகளே செய்தால் அளவு என்றால் என்ன என்பது புரியும். மழைமானி இதற்கு மிகப் பொருத்தமானது. பக்கங்கள் நேரான போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனலாக வைத்து, அடியின் வளைவை நிரப்பும் அளவுக்கு மணலும் நீரும் இட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் அப்பால் திறந்த வெளியில் நாட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். இந்த ஒரு வரியை வைத்துத் தம் வீட்டுக் கூரையில் அன்று விழுந்த நீரை எத்தனை வாளி என்று பிள்ளைகள் கணக்கிடுவார்கள். ஐப்பசியில் தொடங்கித் தை வரை நாளும் காலை ஒரே நேரத்தில் பதிந்துவந்தால், வடகீழ்ப் பருவமழை எப்படி வருகிறது, எப்படி விடுகிறது என்பது உலர் வலயத்து மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதன்முறையாக எண்களில் தெரியும்.

ஆறாம் படி: விளக்கத்தைப் பிற்படுத்துங்கள்

எமது நாட்டில் 2007ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு அறிமுகமான ஐந்து கட்ட முறையை ஆசிரியர் அனைவரும் அறிவோம்: ஈடுபடுத்தல், தேடியறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். பாடக் குறிப்பில் இந்த ஒழுங்கை எழுதிவிட்டு வகுப்பறையில் விளக்கத்தையே முதலில் வைப்பது வழக்கமாகிப் போனது. தேடியறிதலுக்குப் பின் விளக்கம் வர வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு: கேள்வி மனதில் எழாத பிள்ளைக்கு விடையைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. அளவீடு முடிந்ததும், எதிர்வுகூறலில் எழுதியதற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிள்ளைகளே பேசட்டும். இரண்டு குழுக்களின் எண்கள் முரண்பட்டால் அது நல்வாய்ப்பு. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரு குழுக்களையும் மற்றக் குழுவின் முன்னிலையில் மீண்டும் அளக்கச் செய்யுங்கள். அதன் பின் கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் விளக்குங்கள். அந்தப் பத்து நிமிடம், பாடத்தின் தொடக்கத்தில் பேசும் நாற்பது நிமிடத்தைவிடக் கூடுதலாக நிலைக்கும்.

ஏழாம் படி: பொறியியலுக்கு வாருங்கள், குளக்கட்டைக் கட்டுங்கள்

விஞ்ஞானம் ஏன் என்று கேட்கிறது. பொறியியலோ இருக்கும் பொருளையும் பணத்தையும் நேரத்தையும் கொண்டு வேண்டியதை எப்படி நிறைவேற்றுவது என்று கேட்கிறது. ஆகவே பொறியியல் செயற்பாட்டுக்கு மூன்று விடயங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும்: நிறைவேற்ற வேண்டிய தேவை, மீறக்கூடாத கட்டுப்பாடு, வெற்றியை அளக்கும் முறை. இவை இல்லாமல் ஏதாவது செய்து வா என்று வீட்டுக்கு அனுப்பினால், தந்தையோ அண்ணனோ செய்த அழகான மாதிரியுருவே திரும்பி வரும்.

குளங்களால் வாழும் நிலத்தில் மண்கட்டைவிடப் பொருத்தமான பொறியியல் பாடத்தை நான் காணவில்லை. செயற்பாட்டை இவ்வாறு அமைக்கிறேன். பழைய 20 லீற்றர்ப் பிளாஸ்ரிக் கானை நீளவாக்கில் வெட்டினால் இரண்டு குழுக்களுக்குத் தொட்டிகள் கிடைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் 3 கிலோ செம்மண், 1 கிலோ வயற்களி, 1 கிலோ மணல், ஒரு பிடி சிறுகல், துருசாகப் பயன்படுத்த ஒரு சாண் குழாய். தேவை: 12 சென்ரிமீற்றர் உயரமான கட்டு, 8 சென்ரிமீற்றர் ஆழத்து நீரை 30 நிமிடம் தாங்க வேண்டும், அந்த நேரத்தில் கசிந்து வெளியேறும் நீர் 200 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது, இறுதியில் ஆசிரியர் மேலதிகமாக ஒரு லீற்றர் நீரை ஊற்றும்போதும் கட்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை குறித்து, களிக்குச் செம்மண்ணைவிட மும்மடங்கு விலை வைத்தால், பிள்ளைகள் களியை எங்கே இடுவது என்று உண்மையாகவே யோசிப்பார்கள்.

முதற் சுற்றில் பெரும்பாலான கட்டுகள் உடையும். உடையவே வேண்டும், ஆகவே இந்தச் செயற்பாட்டுக்கு எப்போதும் இரண்டு சுற்றுகளுக்கான நேரத்தை ஒதுக்குங்கள். உடையும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. தொட்டியின் சுவரை மண் தொடும் ஓரம் முதலாவது. துருசுக் குழாயைச் சுற்றியுள்ள மண் இரண்டாவது: முதலில் குழாயின் வெளிப்புறத்தோடு ஒரு துளி தெளிந்த நீர் வரும், பிறகு அது கலங்கும், கலங்கிய நீரோடு மண்துணிக்கைகள் வெளியேறும், அந்தப் பாதை உள்ளே பின்னோக்கி அகன்றுகொண்டு போய் ஒரு கணத்தில் கட்டின் நடுப்பகுதி சரியும். உண்மையான மண் அணைகள் உடைவதும் பல வேளைகளில் இப்படித்தான். தெளிந்த கசிவையும் கலங்கிய கசிவையும் வேறுபடுத்தக் கண் பழகிய பிள்ளை, மாரிகாலத்தில் தன் ஊர்க் குளக்கட்டில் அதைக் கண்டால் ஓடிப்போய்ச் சொல்லும். குழாயைச் சுற்றிக் களியால் வளையங்கள் இட்டு அந்தப் பாதையை நீளச்செய்வதும், கட்டின் நடுவில் களியால் ஒரு சுவர் எழுப்புவதும் இரண்டாம் சுற்றில் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் தீர்வுகள்.

மூன்றாவது, கட்டின் மேலால் நீர் பாய்தல். மேலதிக ஒரு லீற்றரை ஊற்றியதும் நீர் உச்சியைத் தாண்டி, வெளிச்சரிவில் ஒரு மெல்லிய கோடாக இறங்கி, அந்தக் கோட்டையே வாய்க்காலாக வெட்டி, ஒரு நிமிடத்துக்குள் கட்டைக் கொண்டுபோய்விடும். குளம் வான் பாய்கிறது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வான் (மிகை நீர் வழிந்தோடும் இடம்) ஏன் கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக, கல்லாலும் கொங்கிறீற்றாலும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஒரு நிமிடத்தில் கண்டுகொள்கிறார்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளத்தைக் கண்ட குடும்பங்களின் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். இந்தப் பாடத்தை அவர்கள் வேடிக்கையாக எடுப்பதில்லை. நாமும் அவ்வாறு நடத்தக் கூடாது.

மண்ணை எப்படி இறுக்குவது என்பதில் சற்று நின்று கற்பிக்க வேண்டும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே தட்டினால் மேற்புறத்தில் ஒரு விரல் அளவே இறுகும். படைபடையாக இட்டு ஒவ்வொரு படையையும் இடிக்க வேண்டும். ஈரமும் அளவாக இருக்க வேண்டும்: காய்ந்த மண் இடித்தாலும் ஒட்டாது, சேறான மண் இடித்தால் விலகி ஓடும், இடையில் ஓர் ஈரத்தில் மண் மிக நெருக்கமாக இறுகும். 1933இல் அமெரிக்கப் பொறியியலாளர் புறொக்டர் இதை அளந்து நிறுவினார். இன்றும் வீதியும் அணையும் கட்டுவோர் அவர் பெயரால் வழங்கும் சோதனையையே செய்கிறார்கள். வகுப்பறையில் அதற்குக் கையே கருவி. ஒரு பிடி மண்ணை இறுகப் பொத்திவிட்டுத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். உள்ளங்கை நனையவும் கூடாது.

இந்தப் பாடத்துக்கு ஊரின் கமக்காரர் ஒருவரையோ, வயல்களுக்கான நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரையோ மதிப்பிடுபவராக அழைக்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன். அவர் மண்ணை விரல்களுக்கிடையில் தேய்த்து, இது கட்டுக்கு ஆகாது, இது ஆகும் என்று சொல்லும்போது பிள்ளைகள் பாடநூலின் வகைப்பாட்டைக் கண்முன் காண்கிறார்கள். பின்னர் அந்த மண்ணையே கண்ணாடிப் போத்தலில் நீருடன் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிட அளவில் அடையும், அடையல்மண் சில மணி நேரத்தில் அடையும், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கி நிற்கும். மூன்று படைகளின் தடிப்பையும் அளந்தால் பெரியவரின் விரலும் பிள்ளையின் அடிமட்டமும் ஒரே விடையைச் சொல்வது தெரியும். அன்று அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தவருக்கே அதன் பெறுமதி விளங்கும்.

எட்டாம் படி: மின்னைச் சிறிய அளவில்

உலர்மின்கலத்தாலும் சிறிய சூரியக்கலத்தாலும் செய்யக்கூடியவற்றை மாத்திரம் செய்யுங்கள். பழைய விளையாட்டுக் காரின் மோட்டரைக் கழற்றி, போத்தலின் பக்கத்தை வெட்டி இதழ்களாக்கிப் பொருத்தி, காற்றில் பிடித்தால் அது மின்பிறப்பாக்கி ஆகிவிடும். சிவப்பு எல்.ஈ.டி. ஒளிர ஏறத்தாழ 2 வோல்ற்று வேண்டும். மெதுவாகச் சுழலும் மோட்டர் அதைத் தராது. ஆகவே முதல் முயற்சியில் விளக்கு எரியாது. பெரிய சில்லிலிருந்து சிறிய சில்லுக்கு இறப்பர்ப்பட்டி போட்டுச் சுழற்சியைக் கூட்டும் எண்ணம் அந்த ஏமாற்றத்திலிருந்துதான் பிறக்கும். விளக்கின் முனைகளை மாற்றித் தொடுத்தால் எரியாது என்பதையும் அவர்கள் தாமாகவே காணட்டும். மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள் சேர்ந்து 103.5 மெகாவாற்று வலுவை உற்பத்தி செய்யக்கூடியவை. ஒரு சுழலிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, தம் கையிலுள்ள சிறிய விளக்கோடு பிள்ளைகள் ஒப்பிடலாம்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

இதை ஒன்பதாவதாக எழுதினாலும் பாடம் தொடங்குமுன் செய்து முடிக்க வேண்டியது இதுவே. செயற்பாட்டுக்குப் பழைய இரும்பும் தகரமும் பொறுக்கி வாருங்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் ஒருபோதும் சொல்லாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்துவந்தாலும், வன்னியின் வெறுங்காணிகளிலும் பற்றைக்காடுகளிலும் மண்ணுக்குள் வெடிபொருட்கள் இன்னும் இருக்கக்கூடும். ஆர்வமுள்ள பிள்ளையே தேடிப் போகும். நாம் ஊட்டிய ஆர்வம் அதன் கையைப் பறிக்கக் கூடாது. உலோகம் வேண்டுமானால் சைக்கிள் கடையிலோ வேலைத்தலத்திலோ ஆசிரியரே வாங்கி வர வேண்டும். இனம்தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை ஆண்டின் முதற் பாடத்திலேயே சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவும் செய்யுங்கள்.

மற்றவை நீங்கள் அறிந்தவை. 230 வோல்ற்று வீட்டு மின்னில் எந்தச் செயற்பாடும் கூடாது. குளத்துக்குப் போனால் கட்டில் நின்றே அவதானிக்க வேண்டும். ஆழமும் முதலையும் இரண்டும் உண்மையான ஆபத்துகள். ஆணியைச் சூடாக்குவது ஆசிரியரின் வேலை.

பத்தாம் படி: கணிப்பீடு

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் புள்ளி இட வேண்டும். அந்தப் புள்ளியைச் சரியான விடைக்கு இட்டால், அடுத்த முறை பிள்ளைகள் விடையைத் தெரிந்துகொண்டு அளவீட்டைப் புனைவார்கள். நான் நான்கு விடயங்களைப் பார்க்கிறேன்: எதிர்வுகூறலுக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, அளவீடுகள் அழிக்கப்படாமல் இருக்கின்றனவா, பிழைத்தது எங்கே என்று பிள்ளை குறித்திருக்கிறதா, அடுத்து என்ன செய்து பார்க்க விரும்புகிறது. எதிர்வுகூறல் பிழைத்ததற்குப் புள்ளி குறைப்பதே இல்லை. கட்டு உடைந்த குழு, உடைந்த காரணத்தைத் தெளிவாக எழுதியிருந்தால், உடையாத குழுவுக்குச் சமமான புள்ளியைப் பெறலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். இவற்றோடு இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்வி ஒன்றும் வேண்டும், ஏனெனில் எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளுள் சிலர் கையால் மிக நுட்பமாகச் சிந்திப்பவர்கள்.

நேரம், அலுமாரி, அதிபர்

ஒரு பாடவேளை இதற்குப் போதாது. ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி தயாராகும்போதே, வாரத்தில் ஒருமுறை இரு பாடவேளைகள் அடுத்தடுத்து வரும்படி அதிபரிடம் கேளுங்கள். நேரசூசி ஒட்டப்பட்ட பின் கேட்டால் கிடைக்காது. எல்லா அலகுகளையும் இவ்வாறு கற்பிக்க முடியாது, முயலவும் வேண்டாம். தவணைக்கு இரண்டு ஆழமான செயற்பாடுகளும் வாரத்துக்கு ஒரு பத்து நிமிடச் செயற்பாடும் போதும். சாதாரண தரப் பரீட்சைக்கு இது இடைஞ்சல் என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. முதலாம் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் அவர்களையே குழுக்களாக இருத்தி மூன்று துளைப் போத்தலைச் செய்யவிடுங்கள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் அறியேன்.

முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நுணுக்குக்காட்டிகள் அலுமாரிக்குள் பூட்டியே கிடந்தன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு என்ற அச்சமே காரணம். பாதுகாக்கப்பட்ட வில்லைகளில் பூஞ்சணம் படர்ந்து அவை பயனற்றுப் போயின. உபகரணம் பயன்பாட்டில் தேய்வதும் உடைவதும் இயல்பு என்பதை அதிபரோடு பேசி, உடைந்தவற்றைப் பதிந்து நீக்கும் ஒழுங்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள். செலவற்ற பொருட்களை ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் ஒரு பெட்டியாகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே பிழைக்கும் என்ற ஒரு தாளையும் இட்டு வைத்தால், நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போன பின்னும் அடுத்த ஆசிரியர் அதைத் திறந்து கற்பிக்கலாம்.

இறுதியாகக் குளத்துக்கு

இவ்வளவும் முடிந்த பின், முடிவதற்கு முன்பன்று, பிள்ளைகளை இரணைமடுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேலதிகாரியின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலரிடம் முன்கூட்டியே நாள் கேட்டால் வான்கதவுகளைப் பற்றி விளக்குவார்கள். அருகே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இந்தக் கணக்குகளை நாளும் செய்வோர் தம் மாவட்டத்திலேயே படிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் வழியிலேயே காணலாம்.

கட்டில் நின்று ஒரு கணக்கைக் கொடுங்கள். குளம் நிறைந்தால் 36 அடி, அதாவது ஏறத்தாழ 11 மீற்றர். அந்த ஆழத்தில் நீரினால் மாத்திரம் உண்டாகும் அமுக்கம் ஏறத்தாழ 108,000 பஸ்கால். எம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் இன்னொரு முறை மேலே ஏறியமர்ந்ததற்குச் சமம். அங்கே ஒரு சதுர மீற்றர்ப் பரப்பை 11,000 கிலோகிராம் பொருளின் நிறைக்குச் சமமான விசை தள்ளுகிறது. அதன் பின் கேளுங்கள்: இதே 36 அடி ஆழமான நீர் ஒரு வீட்டுக் கிணற்றில் நின்றால், அடியில் அமுக்கம் கூடுமா, குறையுமா, சமமா? முன்னே பரந்து கிடக்கும் நீரைப் பார்த்துக்கொண்டு, கிணற்றிலும் இதே அமுக்கம்தான் என்று ஒப்புக்கொள்வது கடினம். வாதம் எழும். குறிப்பேட்டைத் திறந்து, பேனாவால் எதிர்வுகூறலை எழுதச் சொல்லுங்கள். விடையை அங்கே சொல்லாதீர்கள். மறுநாள் வகுப்பில் அகன்ற வாளி ஒன்றும் ஒடுங்கிய போத்தல் ஒன்றும், இரண்டிலும் ஒரே உயரத்தில் ஒரே அளவான துளையும், ஒரே மட்டத்துக்கு நீரும் தயாராக இருக்கட்டும். நாடாவை உரிப்பது அவர்களின் கை.